கட்டளைக்கு முன் கேள்வி: தரவுத்தளத் தோழர்களிடம் நான் கண்ட பண்பு

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த டிபிஏக்களில் (தரவுத்தள நிர்வாகிகளில்) பெரும்பாலோர், தம் நிறுவனத்தில் அந்த வேலைக்கென்று இருக்கும் ஒரே ஆள். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே இன்னொரு டிபிஏ இருப்பார். தட்டாஞ்சாவடியிலோ சேதராப்பட்டிலோ உள்ள நடுத்தர நிறுவனத்தில் பேக்கப், நெட்வொர்க், சில நேரம் பிரிண்டர் வரை அந்த ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் சர்வர் நின்றுவிட்டால் அவர் கேட்டுத் தெளிவதற்கு இருக்கும் துணை, இணையத்தில் பழகிய சக தொழிலாளர்கள்தாம். அந்தத் துணையை நான் பல ஆண்டுகளாக அனுபவித்து வருகிறேன். அதில் நான் மிகவும் மதிப்பது இனிய சொற்களை அல்ல. கீபோர்டில் இருப்பது வேறொருவரின் கை, நாம் சொல்லும் ஒரு வரியை அவர் அப்படியே தட்டிவிடக்கூடும் என்ற நினைவோடு பேசும் பண்பையே மதிக்கிறேன். அதை நேரில் கண்ட சில நிகழ்வுகளை இங்கே எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து வந்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, கடலூரின் பல பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வாரத்தில் ஓர் இரவு, மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர் எங்கள் இணையக் குழுவில் எழுதினார்: “டிஸ்க் ஃபுல். போஸ்ட்கிரெஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. காலையில் பில்லிங் ஓட வேண்டும். யாராவது உதவுங்கள்.”

போஸ்ட்கிரெஸ் என்பது அவர்கள் பயன்படுத்திய தரவுத்தள மென்பொருள். உடனே ஒருவர் பதில் தந்தார். பிஜி வால் கோப்புறையில் பழைய கோப்புகள் குவிந்திருக்கும், அவற்றை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள் என்றார். உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அவர் அதைச் சொன்னார். ஆனால் அந்தக் கோப்புறையில் இருப்பவை சாதாரணக் குறிப்புகள் அல்ல. தரவுக் கோப்புகளில் இன்னும் போய்ச் சேராத மாற்றங்கள் முதலில் எழுதப்படும் இடம் அது. தரவுத்தளம் திடீரென்று நின்று போனால், அந்தப் பதிவுகளைப் படித்துத்தான் மீண்டும் எழும். அவற்றை அழித்தால் தரவுத்தளம் எழாமலே போகலாம், அல்லது எழுந்த பிறகு உள்ளே இருக்கும் கணக்கு பிசகியிருக்கலாம்.

நெய்வேலியைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவர், ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் பல ஆண்டுகள் ஊறியவர், சில நிமிடங்களில் குறுக்கிட்டார். “தம்பி, எதையும் அழிக்காதீர்கள். எந்த வெர்ஷன்? நிறைந்திருப்பது எந்தப் பார்ட்டிஷன்? ஸ்டாண்ட்பை சர்வர் இருக்கிறதா, அது இப்போது ஓடுகிறதா?” அவருடைய முதல் பதிலில் அந்த எச்சரிக்கையையும் கேள்விகளையும் தவிர வேறு எதுவும் இல்லை. ஆரக்கிளில் ஆர்க்கைவ் லாக் (மாற்றப் பதிவுகளின் நகல்) போய்ச் சேரும் இடம் நிறைந்துவிட்டால் ஓஆர்ஏ 00257 என்ற பிழை வரும். அதைப் பலமுறை கண்டவர் என்பதால், போஸ்ட்கிரெஸ் தன் துறை இல்லை என்றாலும் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது கேள்விக்கு வந்த பதிலில்தான் காரணம் இருந்தது. ஸ்டாண்ட்பை சர்வர், அதாவது முதன்மைச் சர்வரின் மாற்றங்களை வாங்கி வைத்துக்கொள்ளும் துணைச் சர்வர், புதுச்சேரி அலுவலகத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மழைநீர் உள்ளே வந்ததால் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த ஸ்டாண்ட்பைக்காக முதன்மைச் சர்வரில் ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் உருவாக்கப்பட்டிருந்தது. ஸ்லாட் இருக்கும்வரை, மறுமுனையில் உள்ள சர்வர் வாங்கிக்கொள்ளாத எந்தப் பதிவையும் போஸ்ட்கிரெஸ் தானாக நீக்காது. வரம்பு விதிக்காதவரை, எத்தனை நாள் ஆனாலும் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் நிறைந்தது அதனால்தான்.

இதற்குப் பிறகும் நெய்வேலி நண்பர் அவசரப்படவில்லை. தரவுத்தளம் நின்ற நிலையிலேயே டேட்டா கோப்புறை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுக்கச் சொன்னார். “அதற்கு வெகுநேரம் ஆகுமே சார்” என்று இளைஞர் தயங்கியபோது, “ஆகட்டும் தம்பி, நாங்கள் இருக்கிறோம்” என்று எழுதினார். சொன்னபடியே இருந்தார். நகல் முடிந்ததும் இன்னொரு நண்பர் ஒரு வழி சொன்னார். லினக்ஸில் பயன்படும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, பொதுவாகப் பார்ட்டிஷனின் (டிஸ்க் பகுதியின்) 5 சதவீத இடத்தை ரூட் எனப்படும் தலைமைப் பயனருக்காக ஒதுக்கி வைத்திருக்கும். அந்த ஒதுக்கீட்டைக் குறைத்தால், எந்தக் கோப்பையும் தொடாமலே போஸ்ட்கிரெஸ் எழுந்து நிற்கும் அளவுக்கு இடம் கிடைத்துவிடும். அவ்வாறே செய்து ஸ்டார்ட் செய்தார்கள். செயலற்றுக் கிடந்த ஸ்லாட்டை நீக்கி, நினைவகத்தில் உள்ள மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதிவிடும் செக்பாயிண்ட் ஒன்றை ஓட்டியதும், தேங்கிக் கிடந்த கோப்புகளைப் போஸ்ட்கிரெஸ் தானே அகற்றிக்கொண்டது. ஸ்டாண்ட்பையை மட்டும் பிறகு புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

அன்று தவறான வழி சொன்னவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று நெய்வேலி நண்பர் இரண்டு வரிகளில் விளக்கினார். தவறான வழி சொன்னவரும் அதை ஏற்று, தன் பதிலை நீக்காமல் அதன் மேலேயே “இதைச் செய்யாதீர்கள், காரணம் கீழே உள்ளது” என்று எழுதி வைத்தார். அவர் தன் பதிலை மறைத்திருந்தால் அதே எண்ணத்தோடு அடுத்து வருபவருக்கு எச்சரிக்கை கிடைத்திருக்காது. அவரைப் போல் நடந்துகொள்ள மனத்துணிவு வேண்டும், அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அந்தத் தவறு உலகம் முழுவதும் நடந்த தவறுதான். முன்பு அந்தக் கோப்புறையின் பெயர் பிஜி எக்ஸ்லாக். ‘லாக்’ என்று முடிவதைப் பார்த்து, தேவையற்ற குறிப்புகள் என்று எண்ணி அதைத் துடைத்தெறிந்து தரவை இழந்தவர்கள் பலர். 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் அதன் பெயரையே மாற்றினார்கள். ஸ்லாட்டுக்காக எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்று வரம்பு விதிக்கும் அமைப்பு 2020இல் 13ஆம் பதிப்பில் வந்தது. அந்த வரம்பு தானாக விதிக்கப்பட்டிருக்காது, நாம்தான் விதிக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாத ஒரு நிர்வாகி நள்ளிரவில் தவறு செய்துவிடக்கூடாது என்று பெயரையே மாற்றிய அந்த அக்கறையைத் தொழில்தோழமை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் அந்த இளைஞர், என்ன நேர்ந்தது, எது காரணம், எந்த வரிசையில் என்ன செய்தார் என்று முழுமையாக எழுதினார். “சரியாகிவிட்டது, நன்றி” என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்கு உண்மையாகவே மனக்குறை உண்டு. எப்படிச் சரியானது என்று தெரியாவிட்டால், அதே சிக்கலோடு பிறகு தேடி வருபவருக்கு அந்த உரையாடல் முழுவதும் பயனற்றதாகிவிடுகிறது.

கேட்பவரின் நாகரிகம் பற்றியும் சொல்ல வேண்டும். வெர்ஷன் எண், பிழைச் செய்தியின் முழு எழுத்து, ஏற்கெனவே செய்து பார்த்தவை ஆகிய இவ்வளவும் முதலிலேயே தந்தால் போதும். செல்போனில் எடுத்த, திரையின் மங்கலான புகைப்படத்தை அனுப்பினால், உதவ வருபவர் அதை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தேட வேண்டியிருக்கும். குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் வினவல்) மெதுவாக ஓடுகிறது என்றால், அதைத் தரவுத்தளம் எந்தப் படிகளில் செய்கிறது என்று காட்டும் எக்ஸிகியூஷன் பிளானைச் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் யார் எதைச் சொன்னாலும் ஊகம்தான்.

தரவை மறைக்காமல் அனுப்புவது இவற்றைவிடப் பெரிய குற்றம். ஒருமுறை ஒருவர் தன் குவெரியின் விடையை அப்படியே ஒட்டியிருந்தார். வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி எண், ஆதார் எண் எல்லாம் அதில் இருந்தன. குழுவைக் கவனித்துக்கொள்ளும் அக்கா ஒருவர் பொதுவில் எதுவும் சொல்லாமல் முதலில் அந்தப் பதிவை நீக்கினார். பிறகு அவரைத் தனியே தொலைபேசியில் அழைத்து, 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துச் சொல்லி, போலித் தரவு கொண்ட சிறிய டேபிள் ஒன்றை உருவாக்கி அதே கேள்வியை மீண்டும் கேட்க வைத்தார். கேட்டவருக்கு அன்றே விடை கிடைத்தது, அவருடைய மதிப்பும் கெடவில்லை.

எல்லா நிகழ்வும் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. சிதம்பரத்தில் படித்து முடித்து, கடலூரில் முதல் வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கை, எந்தச் சந்தேகம் வந்தாலும் எனக்குத் தனிச்செய்தியில்தான் அனுப்புவார். குழுவில் கேளுங்கள், பலரும் பார்ப்பார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. வெகுநாள் கழித்துத்தான் காரணம் சொன்னார். வேறொரு குழுவில் அவர் கேட்ட முதல் கேள்விக்கு, “இதைக்கூட கூகுளில் தேடத் தெரியாதா?” என்று ஒருவர் பதில் எழுத, பலர் அதற்குச் சிரிப்புக்குறி இட்டிருக்கிறார்கள். இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து சிக்கிக்கொள்ளும் டெட்லாக் பற்றி அவர் கேட்ட அந்தக் கேள்வியை எனக்குக் காட்டினார். இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் அதே இரண்டு டேபிள்களை வெவ்வேறு வரிசையில் பூட்டுவதை அவர் தாமாகவே கண்டறிந்து, வரிசையை மாற்றினால் போதுமா என்று கேட்டிருந்தார். அது மிக நல்ல கேள்வி. அந்த ஒற்றை வரிப் பதில், அவருக்கு விடை தராமல் போனதோடு, அந்தக் குழுவுக்கு ஒரு நல்ல உறுப்பினர் கிடைக்காமலும் செய்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதக் கூசுகிறவர்கள் தமிழிலேயே கேட்கட்டும், பிழைச் செய்தியை மட்டும் மாற்றாமல் ஒட்டட்டும். “ஆரக்கிளை விட்டு போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்கள்” என்பது போன்ற பதில்களையும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். கேட்டவருக்கு அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

தரவை இழந்து நிற்பவரிடம் “பேக்கப் இல்லையா?” என்று முதலில் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை நீக்கிவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில், அவர் சுதாரித்து நிறுத்தியபோது மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. வழக்கமான பேக்கப்புகள் கைகொடுக்கவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) ஒன்றிலிருந்துதான் மீட்டார்கள். அந்த மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பழியை ஒருவர் தலையில் போடாமல், நடைமுறையில் எங்கெங்கே ஓட்டை இருந்தது என்று வெளிப்படையாக எழுதினார்கள். பல நாடுகளிலிருந்து சக தொழிலாளர்கள் ஆறுதலும் ஊக்கமும் அனுப்பினார்கள். அந்த அறிக்கையைப் படித்த பிறகு தம் பேக்கப்பை உண்மையிலேயே ரீஸ்டோர் செய்து பார்க்கத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஏஐ தரும் விடையைத் தன் அனுபவம் போல ஒட்டிவிடுகிறார்கள். நிரலாளர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி விடைகளுக்குத் தடை விதித்தது. பார்ப்பதற்குச் சரி போலவே இருந்து, உண்மையில் தவறாக இருக்கும் விடைகள் குவிந்தன என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஏஐயைப் பயன்படுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷன் சர்வரில், எந்த வெர்ஷனிலும் இல்லாத ஒரு பாராமீட்டரைத் தேடி ஒருவர் இரவைக் கழிக்கும் நிலை வரக்கூடாது. ஆகவே எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தக் கட்டளையைத் தந்தாலும், எந்த வெர்ஷனில் ஓட்டிப் பார்த்தோம் என்று அதன் கீழே எழுத வேண்டும். ஓட்டிப் பார்க்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். தரவை அழிக்கக்கூடிய கட்டளை என்றால், அழித்ததை எப்படித் திரும்பப் பெறுவது என்பதையும் அதே பதிலில் சேர்க்க வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் கட்டளையைத் தருவதில்லை.