லிப்ரியத்துக்குப் பதிலாக டயசெபாம் குடுக்கலாமோ?

நிலாவெளித் தங்கச்சி
அண்ணாவுக்கு 44 வயது. தினமும் அரைப் போத்தல் சாராயம். நாளைக்கு விடியக்காலமையோட நிப்பாட்டப் போறார். தனியார் கிளினிக்கில, குடி நிப்பாட்டேக்க வாற நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கிற லிப்ரியம் குளுசை 10 மில்லிகிராம் எழுதித் தந்திருக்கினம். முதல் ரெண்டு நாளும் ரெண்டு ரெண்டாய் நாலு நேரம், பிறகு நாளுக்கு நாள் குறைச்சு ஏழாம் நாள் இரவு ஒண்டு. அதோட தயமினும் (விற்றமின் B1) இருக்கு. பார்மசியில லிப்ரியம் முடிஞ்சுது, டயசெபாம் இருக்கு எண்டினம். ஒரு நாளைக்கு அதே 80 மில்லிகிராம் வாற மாதிரிக் குடுக்கலாமோ? நித்திரையால எழுப்பியும் குடுக்க வேணுமோ? மூண்டாம் நாள் நடுக்கம் நிண்டால் விடலாமோ?

மருந்துக்கட்டு
80 மில்லிகிராம் டயசெபாம் குடுத்திடாதேங்கோ தங்கச்சி. ரெண்டும் ஒரே குடும்ப மருந்துதான், ஆனால் பலம் வேற. டயசெபாம் 5 மில்லிகிராம் செய்யிற வேலைக்கு லிப்ரியம் கிட்டத்தட்ட 12.5 வேணும். அந்தக் கணக்கில 80 டயசெபாம் எண்டால் 200 லிப்ரியம். மூச்சு அடங்கிப் போக அது காணும். மாத்திறதெண்டால் டொக்டர்தான் புதுத் துண்டு எழுத வேணும். பார்மசிக்காரர் வாயால சொன்னது காணாது.

இந்தக் குளுசையோட சாராயம், கசிப்பு, கள்ளு ஒண்டும் சேரக்கூடாது. வலிக்குக் குடுக்கிற டிரமடோல், நித்திரைக் குளுசை, தடிமனுக்கு எல்லா வீட்டிலயும் கிடக்கிற பிரிட்டன் (Piriton) குளுசை கூட மயக்கத்தைக் கூட்டும். ஈரலில சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகின வருத்தம், இருக்கிற ஆளுக்கு லிப்ரியமும் டயசெபாமும் உடம்பில தேங்கிப் போகும். அப்பிடிப்பட்டவைக்கு லொரசெபாம் போல வேறயொண்டைத்தான் டொக்டர்மார் தெரிவு செய்வினம். கண் மஞ்சள், வயிறு வீக்கம், கால் வீக்கம் இருந்தால் குளுசை தொடங்க முதலே சொல்லிப்போடுங்கோ.

எந்தத் துண்டெண்டாலும் ஏழு கடித உறை எடுத்து, ஒவ்வொண்டிலயும் நாளையும் நேரத்தையும் எழுதி, அந்த நாளுக்குரியதை மட்டும் போடுங்கோ. உறை உங்கட கையில இருக்கட்டும், அவரிட்டக் குடுக்காதேங்கோ. குடுத்தவுடன உறையின்ர பின்பக்கம் மணியைக் குறியுங்கோ. குடுத்ததோ இல்லையோ எண்டு சந்தேகம் வந்து ரெண்டாந்தரம் குடுக்கிறதுதான் வீடுகளில கனக்க நடக்கிற பிழை.

வாட்டுத் தாதி
மற்ற ரெண்டு கேள்விக்கும் நான் சொல்லுறன். மூண்டாம் நாள் நிப்பாட்டவே கூடாது. கடைசியாகக் குடிச்சு 6 தொடக்கம் 8 மணித்தியாலத்தில கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், சத்தி வரும். வலிப்பு வாறதெண்டால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள்ள. 48க்கும் 72க்கும் இடையிலதான் ஆள் இடம் வலம் தெரியாமல் பிதற்றுறதும், சுவரில பூச்சி ஊருது எண்டு தட்டுறதும், காய்ச்சலும். நடுக்கம் நிண்டிருக்கிறது குளுசை வேலை செய்யிறதாலதான். அதை இடையில விட்டால் திரும்பி வரும்.

நல்ல நித்திரையில இருக்கிறவரை எழுப்பிக் குடுக்க வேண்டாம். ஆனால் அது நித்திரையோ மயக்கமோ எண்டு பாக்க வேணும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து தெளிவாய்ப் பதில் சொன்னால் நித்திரை. நாக்குத் தடக்கினால், எழும்பி நடக்கத் தள்ளாடினால் அந்த நேரத்துக் குளுசையை நிப்பாட்டி டொக்டருக்குச் சொல்லுங்கோ. நெஞ்சு ஏறி இறங்கிறதை ஒரு நிமிசம் முழுக்க எண்ணுங்கோ. 12க்குக் கீழ போனாலோ, தட்டியும் எழும்பாட்டியோ, உடன 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஒவ்வொரு முறையும் குடுக்க முதல் ரெண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொல்லுங்கோ. நடுக்கம் கண்ணுக்குத் தெரியாட்டி உங்கட விரல் நுனியை அவற்ற விரல் நுனியில வைச்சால் தெரியும். வியர்வையை மட்டும் நம்பாதேங்கோ. எங்கட ஊர் வெக்கைக்கு எல்லாருக்கும்தான் வியர்க்கும். முகத்தைத் துடைச்சு, ஃபேனுக்குக் கீழ பத்து நிமிசம் இருத்தி, பிறகும் நெத்தியில முத்து முத்தாய் வந்தால்தான் கணக்கு.

இவ்வளவும் வீட்டில பாக்கக்கூடிய ஆளுக்கு. ஒண்டு கேக்கிறன்: முந்தி எப்பவாவது குடியை நிப்பாட்டினபோது வலிப்பு வந்ததோ?

நிலாவெளித் தங்கச்சி
ஓம், ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருக்கா வந்தது. கிளினிக்கில கேக்கேல்ல, நாங்களும் சொல்லேல்ல.

வாட்டுத் தாதி
அப்ப வீட்டில வைச்சுச் செய்ய வேண்டாம் பிள்ளை. ஒருக்கா வலிப்பு வந்த மூளை அடுத்தமுறை இன்னும் லேசாய்த் தூண்டுப்படும். ஒவ்வொரு தரமும் நிப்பாட்டித் திரும்பக் குடிக்க, அடுத்த நிப்பாட்டல் கூடக் கடுமையாகும். இது அட்மிற் பண்ணிச் செய்யிற வேலை. நாளைக்கு விடிய அவரைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க போய்ச் சேரும்வரைக்கும் குடியைச் சடுதியாய் வெட்டாதேங்கோ, புதுசாய்க் கூட்டவும் வேண்டாம். இண்டைக்கு இரவு குடிச்சிருக்கிற ஆளுக்கு அந்தக் குளுசையில ஒண்டும் குடுக்காதேங்கோ.

வாட்டில சொல்ல வேண்டியது: வலிப்பு வந்த கதை, கடைசியாய்க் குடிச்ச மணி, எவ்வளவு. லேபிளில 33.5 சதவீதம் எண்டிருந்தால் அரைப் போத்தலில, அதாவது 375 மில்லிலீற்றரில, ஏறக்குறைய 100 கிராம் மதுசாரம் இருக்கு. கிளினிக் துண்டையும் கொண்டு போங்கோ. சாப்பாடில்லாமல் கிடந்தவர் எண்டால் அதையும் சொல்லுங்கோ. தயமினை ஊசியாய்ப் போட்ட பிறகுதான் குளுக்கோஸ் ஏத்துவினம். தயமின் இல்லாத உடம்பில குளுக்கோஸ் மட்டும் போனால் கண் ஆடி, நடை தடுமாறி, ஞாபகம் நிரந்தரமாய்ப் போகலாம்.

கந்தளாய்க் கவுன்சிலர்
வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறதையும் சொல்லி வைக்கிறன். குடி நிண்டு முதல் சில கிழமைக்குப் பதட்டம், நித்திரைக் குறைவு இருக்கும். ‘அந்தக் குளுசை இன்னும் ஒரு கார்ட் வாங்கித் தா’ எண்டு கேப்பார். குடுக்காதேங்கோ. இந்த மருந்து பதட்டத்தை உடன அடக்கும், ஆனால் ரெண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு மேல தினமும் போட்டால் உடம்பு இதுக்கே பழகிப்போகும். ஏற்கெனவே மாசக்கணக்காய்ப் போடுற ஆள் வீட்டில இருந்தால் அதையும் சடுதியாய் நிப்பாட்டக்கூடாது. அதுக்கும் வலிப்பு வரும். டொக்டரின்ர சொல்லில 5 தொடக்கம் 10 சதவீதமாய், ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்கா குறைக்க வேணும்.

மாதம் ஒண்டு கழிஞ்சும் பதட்டம் அப்பிடியே நிண்டால் அது தனி வருத்தம். மனநலக் கிளினிக்கில வேற மருந்தும் கதைச்சுத் தீர்க்கிற வழியும் இருக்கு. இரவில ஆரோடயாவது கதைக்க வேணும் போல இருந்தால் மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கோ. அவருக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான்.

நிலாவெளித் தங்கச்சி
விடிய ஆறரை பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வாறம். அண்ணாவும் ஓம் எண்டிட்டார். வலிப்பு வந்த திகதி அம்மாவுக்கு ஞாபகம் இருக்கு, துண்டின்ர பின்பக்கம் எழுதி வைச்சிட்டன்.

வாட்டுத் தாதி
பஸ்ஸில தனிய இருத்தாதேங்கோ, ஜன்னல் பக்கம் அவர், பக்கத்தில நீங்கள். குடிக்க ஜீவனி (உப்புச் சீனித் தூள்) கரைச்சு ஒரு போத்தல் கொண்டு வாங்கோ. இரவில வலிப்பு வந்தால் சரிச்சுப் படுக்கவைச்சு, வாய்க்குள்ள ஒண்டும் வைக்காமல், பஸ்ஸைப் பாத்துக்கொண்டிராமல் 1990க்கு எடுங்கோ.