'கலைக்குறும்படம்' வேண்டாம்: வீடியோ ஆர்ட்டுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கலைக்கூடங்களில் காட்டுவதற்காகக் கலைஞர்கள் எடுக்கும் காணொளிப் படைப்புகளை ஆங்கிலத்தில் 'வீடியோ ஆர்ட்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் தேடும் பேச்சில், ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாத்தின் 'டர்புலன்ட்' போன்ற படைப்புகளைக் 'கலைக்குறும்படம்' என்று எழுதலாம், வாசகருக்குச் சட்டென்று புரியும் என்று ஐயா ஒருவர் சொல்லியிருக்கிறார். புரியும், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை.

1998இல் வந்த அந்தப் படைப்புக்கு எதிரெதிரே இரண்டு திரைகள். ஒன்றில் ஷோஜா அஸரி, அரங்கு நிறைந்த ஆண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்மைப் பார்த்து ரூமியின் கவிதையைப் பாடுகிறார். வாயசைப்பு அவருடையது, குரல் ஷாஹ்ராம் நஸேரியுடையது. கைதட்டல். அப்புறம், மற்ற திரையில் அதுவரை கறுப்பு உடையில் திரும்பி நின்ற சூசன் தெய்ஹிம் தொடங்குகிறார். சொல்லே இல்லாத பாட்டு. மூச்சும் கேவலும் ஓலமுமாக ஏறிக்கொண்டே போகிறது. அவருக்கு முன்னால் இருப்பவை காலி நாற்காலிகள். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனித்துப் பாடத் தடை. கேமரா அவரைச் சுற்றி வர, எதிர்த்திரைப் பாடகர் வாயடைத்து நிற்கிறார்.

பார்ப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒன்றைப் பார்த்தால் மற்றது முதுகுப் பக்கம் போய்விடும். யார் பக்கம் திரும்புவது என்ற முடிவும் படைப்பில் சேர்ந்ததுதான். குறும்படம் என்ற சொல்லில் இதற்கு இடமே இல்லை. ஈரானிய சினிமாக்காரரான கியரோஸ்தமிகூட 2001இல் வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில், உறங்கும் ஒரு தம்பதியின் காணொளியைத் திரையில் இல்லாமல் தரையில் ஒளி விழும்படிதான் காட்டினார்.

இன்னொரு காரணம், இந்தக் கலை ஈரானுக்குள் வந்த வழி. அங்கே சினிமா வலுவான துறை. அதற்கு அமைச்சகத்தின் அனுமதிகள் உண்டு, விழாக்கள் உண்டு. காணொளியைக் கையில் எடுத்தவர்களில் பலர் ஓவியம், புகைப்படம், சிற்பம் என்று காட்சிக்கூடப் பக்கமிருந்து வந்தவர்கள். அலிரெஸா சமி அஸார் இயக்குநராக இருந்தபோது தெஹ்ரான் சமகாலக் கலை அருங்காட்சியகம் 2001இல் கருத்துருக் கலைக்கும் (பொருளைவிடக் கருத்தையே முதன்மையாக வைக்கும் கலை), அடுத்த ஆண்டு 'புதிய கலை' என்ற பெயரிலும் கண்காட்சிகள் நடத்தியது. காணொளிக்கு அரசு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது இந்த அலையில்தான். அதற்கு வெளியே, அமிராலி காசெமி தொடங்கிய 'பார்க்கிங்கேலரி' என்ற தனிக் கலைக்கூடம் இளையவர்களின் காணொளிகளைத் திரட்டி வெளிநாடுகளிலும் காட்டியது. இவ்வளவையும் குறும்படத்தின் கிளையாக ஒதுக்குவது அநியாயம்.

பாரசீகத்தில் 'வீடியோ ஆர்ட்' என்றே வைத்துக்கொண்டார்கள், நாமும் அப்படியே விடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பேச்சில் இருக்கட்டும். கட்டுரையில் ஓவியக்கலை, சிற்பக்கலை பக்கத்தில் நிற்க ஒரு சொல் வேண்டும். என் பரிந்துரை: துறைக்குக் 'காணொளிக்கலை', தனிப் படைப்புக்குக் 'கலைக்காணொளி'. கலைப்படம் என்ற சொல் பழகிய காதுக்கு இரண்டாவது உறுத்தாது. வீடியோவை 'விழியம்' என்பவர்கள் சொல்லும் 'விழியக்கலை' அழகான சொல்தான், ஆனால் காணொளி பத்திரிகை வரைக்கும் வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டாம்.

ஒலியும் தெரியவேண்டும், 'காணொலி' என்று எழுதுங்கள் என்பவர்களுக்கு ஈரானியப் புகைப்படக் கலைஞர் நியூஷா தவக்கோலியானின் 'லிசன்' ('கேள்') ஓர் எடுத்துக்காட்டு. ஈரானியப் பாடகிகள் கண்மூடி, உருகிப் பாடுகிறார்கள். காணொளியில் சத்தமே கிடையாது. கேட்க விடாமல் செய்ததைத்தான் அவர் காட்டுகிறார். ஒலியில்லாததும் இந்தக் கலைக்குள் அடங்கும் என்பதால் ளகரமே போதும்.

முக்கியமான ஒன்று. இந்தத் துறையில் இரண்டு காணொளிகள் இரண்டு திரைகளில் சேர்ந்து ஓடுவதைக் குறிக்க 'டூ சேனல்' என்று வருவதை 'இரு அலைவரிசை' என்று எழுதிவிடாதீர்கள். தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'டர்புலன்ட்' ஓர் இருதிரைக் காணொளி. ஈரானியக் கலைஞர் கஸேல் 1997 முதல் எடுத்த 'மீ' வரிசையில் அவரே சாதோர் (தலை முதல் கால்வரை மூடும் உடை) அணிந்து பனிச்சறுக்குகிறார், நடனமாடுகிறார். அந்த வரிசை பல திரைப்பெட்டிகளில் ஒரே நேரத்தில் ஓடும்போது அது பல்திரை. ஒருதிரை, இருதிரை, பல்திரை என்று பட்டியலில் சேர்த்துவிடலாம்.

'லூப்' மட்டும் மிச்சம். கூடத்தில் படைப்பு முடிந்ததும் இடைவெளியின்றி மறுபடி தொடங்குமே, அதற்கு 'மறுசுழற்சி' என்றால் குப்பை மேலாண்மைக்குப் போய்விடும். 'தொடர்சுழல்' எப்படி? இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.