18 வயது முதல் 25 வரை: சென்னையில் கூடைப்பந்து ஆடும் பெண்களுக்காகச் சில பகிர்வுகள்

பயிற்சியாளர், பெரியமேடு

கல்லூரி அணியில் ஆடும் பெண்கள் பலருக்கும் தங்கள் ஆட்டம் எந்தக் கணக்கில் அளக்கப்படுகிறது என்பது கடைசி வருஷம் வரை தெரிவதில்லை. நம் ஊரில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் தருவது லீக் இல்லை, வேலை. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற ஒரு துறையில் இடம் கிடைத்தால்தான் முப்பது வயதுக்கு மேலும் தொடர்ந்து ஆட முடிகிறது. கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் 23 வயதில் ஷூவைக் கழற்றிவிடுகிறார்கள். திறமை குறைந்ததால் நடப்பதில்லை இது.

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா (விளையாட்டு வீரர்களுக்கான வேலை ஒதுக்கீடு) அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். மொத்தம் 100 மதிப்பெண். அதில் 50, ஆடிய போட்டிகளுக்கும் வாங்கிய பதக்கங்களுக்கும். 40, டிரையல்ஸில், அதாவது ஆடவைத்துப் பார்க்கும் தேர்வில், காட்டும் திறனுக்கும் உடல்தகுதிக்கும். மீதி 10 படிப்புக்கு. டிரையல்ஸில் 40க்கு 25 எடுக்காவிட்டால் பதக்கம் எத்தனை இருந்தாலும் அடுத்த கட்டம் கிடையாது. வயது 18 முதல் 25, எந்தப் பிரிவினருக்கும் தளர்வு இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம்: நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகள், இவற்றில் ஆடியது மட்டுமே கணக்கில் வரும். பிளஸ் டூவில் வாங்கிய தேசியப் பதக்கம் 22 வயதில் வெறும் நினைவுப்பொருள். அதனால் 19 வயதிலிருந்து ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் உட்கார்ந்து, எந்தச் சான்றிதழ் இன்னும் உயிரோடு இருக்கிறது, எது காலாவதியாகிவிட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

டிரையல்ஸில் தவறு நடப்பது பெரும்பாலும் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில். கல்லூரியில் 25 பாயிண்ட் போட்டுப் பழகியவர், கைக்கு வந்த பந்தையெல்லாம் ஷூட் செய்கிறார். தேர்வு செய்ய உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்கோர் செய்பவரைத் தேடவில்லை. அப்படிப்பட்டவர்கள் அவர்கள் அணியில் ஏற்கெனவே இருக்கிறார்கள். டிஃபென்ஸில் வாய் திறந்து பேசுகிறாரா, பாக்ஸ்-அவுட் செய்கிறாரா (ரீபவுண்டுக்கு எதிராளியை உடம்பால் மறித்து நிற்கிறாரா), பந்து பறிபோனதும் திரும்பி ஓடுகிறாரா என்று பார்க்கிறார்கள். போவதற்கு முன் அந்தத் துறை கடைசியாக ஆடிய டோர்னமென்ட்டைப் பார்த்து, எந்த இடத்தில் ஆள் குறைவு என்று தெரிந்துகொண்டு போங்கள். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இரண்டு பேர் இருக்கிற அணிக்கு மூன்றாவது கார்டு தேவைப்படாது.

பிசியோ, அண்ணா நகர்

சார் சொன்ன நிதியாண்டுக் கணக்கோடு முழங்காலையும் சேர்த்துப் பார்க்கணும். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கூடைப்பந்தில் பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்ட்) குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது, அல்லது ஓடி வந்து சட்டென நின்று திரும்பும்போது, முழங்கால் உள்பக்கமாக மடிந்துவிடுகிறது. ‘டப்’ என்று சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம். அன்றைக்கே எண்ணெய் போட்டு நீவிவிடுவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது; தயவுசெய்து வேண்டாம். ஐஸ், கட்டு, ஊன்றுகோல், எலும்பு மருத்துவர், எம்.ஆர்.ஐ. என்று போங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மைதானம் திரும்ப ஒன்பது மாதம். இந்த ஒன்பது மாதத்துக்குள் டிரையல்ஸ் வந்துவிட்டால்தான் விபரீதம். மூன்றாம் மாதத்தில் வலி போய்விடும், படி ஏறலாம், ஸ்கூட்டி ஓட்டலாம். உடனே பிசியோவை நிறுத்திவிடுகிறார்கள். வலி இல்லை என்பதற்கும் தசைநார் வேரூன்றிவிட்டது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. தொடையின் முன்தசை அப்போது மறுகாலோடு ஒப்பிட்டால் மிகவும் இளைத்திருக்கும். ஐந்தாம் மாதத்தில் டோர்னமென்ட்டில் இறங்கி அதே காலோ மறுகாலோ கிழிந்தால், இன்னொரு ஒன்பது மாதம். அதற்குள் இரண்டு நிதியாண்டு ஓடிவிடும்.

திரும்பலாமா என்று நாள்காட்டி மட்டும் சொல்லாது. ஒற்றைக் காலில் முன்னோக்கிக் குதித்து நிற்கும் தூரம், அடிபட்ட காலில் மறுகாலின் 90 சதவீதமாவது இருக்கணும். ஒற்றைக் காலில் மூன்று தொடர் குதிப்பு, தொடைத் தசையின் பலம், இவற்றுக்கும் அதே அளவுகோல். பிறகு நேராக ஆட்டத்துக்குப் போகாமல், முதலில் தனியாகப் பயிற்சி, அடுத்து யாரும் மோதாத அணிப் பயிற்சி, அடுத்து முழு ஸ்கிரிமேஜ் (அணிக்குள் ஆடும் பயிற்சி ஆட்டம்), அதற்குப் பிறகு பத்து நிமிஷ மேட்ச் என்று ஏறணும்.

அடிபடாமல் இருக்க வார்ம்-அப்பில் 15 நிமிஷம் ஒதுக்குங்கள், வாரம் மூன்று நாள் குறையாமல். பெட்டியிலிருந்து இரண்டு காலில் குதித்து மெத்தென்று இறங்குவது, ஒற்றைக் கால் ஸ்குவாட், பக்கவாட்டில் குதித்து இரண்டு வினாடி அசையாமல் நிற்பது, தொடையின் பின்தசைக்கு நார்டிக் கர்ல் (முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்ல முன்னால் சாய்வது). இறங்கும்போது சத்தம் கேட்டால் தவறு. ஃபோனில் முன்பக்கமிருந்து வீடியோ எடுத்து, முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நம் சிமென்ட் கோர்ட்டுகளில் மழைக்குப் பிறகு ஓரத்தில் மண் படிந்திருக்கும். பெருக்காமல் ஆடக்கூடாது.

சான்றிதழ் வேலை தெரிந்தவர், வில்லிவாக்கம்

ஆட்டத்தில் ஜெயித்துக் காகிதத்தில் தோற்பவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மத்திய அரசுத் துறைகள் கேட்பது மெடலை இல்லை, போட்டியில் ஆடியதைச் சான்றளிக்கும் படிவத்தை. இந்தியாவுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்து. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டி ஆடியிருந்தால் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநரோ டீனோ. தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்குப் படிவம் 4, பள்ளிக்கல்வி இயக்குநரகம்.

போட்டி முடிந்து ஊர் திரும்பிய அதே மாதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்துப் போனால் பொறுப்பில் வேறு ஆள் இருப்பார், பழைய அணிப் பட்டியலைத் தேடணும். கூடவே அணிப் பட்டியலின் நகல், உங்கள் பெயர் உள்ள ஸ்கோர் ஷீட்டின் நகல், போட்டி நடந்த தேதி, ஊர், எத்தனையாவது இடம், எத்தனை அணிகள் ஆடின என்ற விவரம், எல்லாம் ஒரே ஃபைலில். லேமினேட் செய்யாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க முடியாமல் போகும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ்.’ என்று முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், விளையாட்டுச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே பெண் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். முதல் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே எழுதிக் கொடுங்கள்.

போஸ்ட் ஆட்டக்காரர் (கூடைக்கு அருகில் ஆடுபவர்), அயனாவரம்

வேலை கிடைத்த பிறகு வரும் இறக்கத்தையும் சொல்லணும். தெற்கு ரயில்வேயில் ஆடிய கீத்து அன்னா ஜோஸ், ஆறடிக்கு மேல் உயரம், இந்தியாவில் அவரைத் தடுக்க ஆளில்லை. ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். 2011ல் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் என்று அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகளின் டிரையல்ஸுக்குப் போனார். இடம் கிடைக்கவில்லை. இங்கே கூடைக்கு அடியில் ஆடும் சென்டரின் உயரம், அங்கே வெளியே தள்ளி நின்றும் ஆடும் ஃபார்வர்டின் உயரம்தான். கூடைக்கு முதுகு காட்டி ஆடுகிற ஆட்டம் மட்டும் போதாது. உயரமான தங்கச்சிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பள்ளியில் உங்களைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்தினாலும், தினமும் 20 நிமிஷம் கூடையைப் பார்த்து நின்று ஆடப் பழகுங்கள். வலது, இடது பக்கம் பந்தை ஒரே ஒரு முறை தட்டிச் சட்டென நின்று ஷூட் செய்யும் புல்-அப், 6.75 மீட்டர் மூன்று பாயிண்ட் கோட்டிலிருந்து கேட்ச் அண்ட் ஷூட்.

அங்கேயும் நிலை நிரந்தரமில்லை. 2024 வரை டபிள்யூ.என்.பி.ஏ.வில் 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர், ஆக உலகம் முழுவதுக்கும் 144 இடம். டிராஃப்டில் (அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு) தேர்வான பெண் சீசனுக்கு முந்தைய கேம்ப்பிலேயே வெளியேற்றப்படுவது சாதாரணம். பிரியன்னா ஸ்டூவர்ட் 2018ல் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் கோப்பையும் வென்றார். 2019 ஏப்ரலில் ஐரோப்பாவில் யூரோலீக் இறுதி ஆட்டத்தில் குதிகால் நாண் அறுந்து அந்த சீசன் முழுதும் போயிற்று. 2020ல் திரும்பி வந்து இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஒரு வருஷம் முழுதாகக் காத்திருந்து வந்ததைக் கவனியுங்கள்.

பயிற்சியாளர், பெரியமேடு

ஷூட்டிங் போய்விட்டது என்று வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பந்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். ரிம்முக்கு முன்னாலேயே குறைந்து விழுந்தால் பிரச்சினை கையில் இல்லை, காலில். தூக்கம், சாப்பாடு, ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி டீயோடு விழுங்கினால் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை சாற்றோடு நல்லது. பந்து இடம் வலம் போனால்தான் முழங்கை. அதற்குக் கூடையிலிருந்து மூன்றடியில் நின்று ஒற்றைக் கையால் 50 போட்டுவிட்டுப் பின்னால் நகருங்கள். ஃப்ரீ த்ரோவைப் பத்துப் பத்தாகப் போட்டுப் பழகுவது வீண். மேட்ச்சில் மூச்சிரைக்க இரண்டுதான் கிடைக்கும். இரண்டு போட்டு, கோர்ட் முழுக்க ஒரு ஓட்டம், திரும்ப இரண்டு.

பிசியோ, அண்ணா நகர்

கல்யாணம், குழந்தை என்றாலே ஆட்டம் முடிந்தது என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். சென்னை அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார், நடுவில் தாயானார், 2021ல் பத்மஸ்ரீ வாங்கினார். இதை மாமியாரிடமும் சொல்லுங்கள்.

மத்திய அரசு வேலையில் மகப்பேறு விடுப்பு 180 நாள். அதைத் திட்டமிட்டுப் பயன்படுத்தணும். குழந்தை பிறந்த முதல் ஆறு வாரம் மூச்சுப் பயிற்சி, நடை, இடுப்படித் தளத் தசையைச் சுருக்கி விடும் பயிற்சி. மருத்துவர் பார்த்த பிறகு மெல்ல எடைப் பயிற்சி. 12 வாரத்துக்கு முன் ஓட்டம் வேண்டாம், சிசேரியன் என்றால் தையல் தழும்பைப் பொறுத்து இன்னும் தள்ளும். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிறு கனமாக இழுத்தாலோ அது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. பயிற்சியின் அளவைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி. நிறுத்தி, அதற்கென்று இருக்கும் பிசியோவைப் பாருங்கள். பால் கொடுப்பவர்கள் பயிற்சிக்குச் சற்று முன் கொடுத்துவிட்டு வந்தால் மார்பு கனக்காது. நம் வெயிலில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணியோ சேர்த்துக் குடிக்கணும். துறை அணியின் கேம்ப் தேதி தெரிந்ததும் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஓட்டம் தொடங்கும் வாரத்தைக் குறித்துவிட்டு, அதைக் கோச்சிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.