அடுத்த மழைக்கு முன்னால் ஊராட்சிக்குக் குடிநீர், கழிப்பறைத் திட்டம் – எங்கிருந்து தொடங்குவது?

மகளிர்குழு_ஊத்தங்கரை

வணக்கம். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஊராட்சியில் மகளிர் குழுக் கூட்டமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயல் கரையேறியது புதுச்சேரிப் பக்கம். ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனது எங்கள் ஊத்தங்கரையில். நாங்கள் வறட்சிக்குப் பழகிய சனம். வெள்ளம் வந்தால் யார் என்ன செய்வது என்று யாருமே பேசி வைத்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் சோறு வந்தது, பாய் போர்வை வந்தது. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும்தான் பட்ட பாடு. கரண்ட் போனதும் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கிய பெண்கள், ராத்திரி எங்கே ஒதுங்குவது என்று பயந்து சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார்கள். என்னால் அதை மறக்க முடியவில்லை. இந்த முறை அடுத்த கிராம சபைக்குள் ஒரு திட்டம் எழுதிவிட வேண்டும்.

300 பேர் ஒரே இடத்தில் தங்கினால் எவ்வளவு தண்ணீர், எத்தனை கழிப்பறை வேண்டும்? இன்னொன்று: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் பழைய போர்வெல்லைத் திறக்கலாமா? ஃப்ளோரைடு இருக்கிறது என்று ஊரில் பயப்படுகிறார்கள்.

தொட்டிநீர்_தருமபுரி

அம்மா, குடிநீர் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், நம் இரண்டு மாவட்டத்திலும் எல்லோரும் குழம்புவது அங்கேதான். ஃப்ளோரைடு வருஷக்கணக்கில் குடித்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் திட்டமே வந்தது. ஆனால் பத்து நாள் போர்வெல் தண்ணீரால் யாருக்கும் எலும்பு வளையாது. மலம் கலந்த தண்ணீரை ஒரே நாள் குடித்தால் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கும். அதனால் ஆபத்துக் காலத்தில் போர்வெல்லைத் திறங்கள், குளோரின் போடுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் திரும்பி வந்ததும் நிறுத்திவிடுங்கள். குளோரினோ கொதிக்க வைப்பதோ ஃப்ளோரைடை எடுக்காது என்பதையும் ஊரில் சொல்லிவிடுங்கள்.

அளவுக்கு வருவோம். நிவாரண முகாம்களுக்கு ஸ்பியர் என்று உலக அளவில் ஒரு அளவுகோல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று அது சொல்கிறது. 300 பேருக்கு 4,500 லிட்டர், டிராக்டர் டேங்கர் ஒரு நடை என்று வையுங்கள். குழாய் ஒன்றுக்கு 250 பேருக்கு மேல் போகக் கூடாது. மாட்டை மறந்துவிடாதீர்கள். ஒரு மாட்டுக்கு 20, 30 லிட்டர் வேண்டும், மாட்டை விட்டுவிட்டு நம் ஆட்கள் முகாமுக்கு வரவே மாட்டார்கள்.

பெரிய மழை என்று எச்சரிக்கை வந்த உடனே தொட்டியை முழுக்க நிரப்பி வால்வை அடைத்துவிட வேண்டும். இதைச் செய்ய டேங்க் ஆபரேட்டருக்கு யாரும் போன் போட்டுச் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது, திட்டத்தில் அவர் பொறுப்பு என்றே எழுதுங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் வால்வைத் திருப்பத் தெரிந்த இன்னொரு ஆள் யார் என்பதையும் எழுதுங்கள்.

குளோரினுக்குப் பிளீச்சிங் பவுடர்தான் போடுவோம், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதுவும் நல்ல பவுடராக இருந்தால். போன வருஷ மூட்டை, ஈரத்தில் கிடந்த மூட்டை எல்லாம் வெறும் சுண்ணாம்புதான். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி) பாருங்கள், கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் வேலை செய்யாது. முதலில் படிகாரமோ தேற்றான் கொட்டையோ போட்டுத் தெளிய வையுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யாமல் தொடவே வேண்டாம்.

செவிலியர்_அரூர்

அக்கா, கழிப்பறை பற்றி நான் சொல்கிறேன். அதே மழையில் அரூரிலும் 33 சென்டிமீட்டர். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, நிலைமை சீரானதும் 20 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. உங்களுக்கு முதலில் ஆறு, பிறகு பதினைந்து. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளே தாழ்ப்பாள், ராத்திரிக்கு விளக்கு, நாப்கின் போட மூடியுள்ள கூடை. இவை இல்லாவிட்டால் எத்தனை கட்டினாலும் பெண்கள் போக மாட்டார்கள், நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

நம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. மழையில் அந்தக் குழியும் நிரம்பி வெளியே வரும். அதனால் சிமெண்ட் உறைகளைத் தரைக்கு மேலேயே அடுக்கி, படி வைத்து, மேலே உட்காரும் பலகை போடலாம். உறை செய்கிறவரிடம் இப்போதே பேசி வையுங்கள். கிணறு, போர்வெல்லிலிருந்து 30 மீட்டராவது தள்ளியே இருக்கட்டும்.

தண்ணீர் சுத்தமாக இருந்தும் கை சுத்தமில்லாமல்தான் முகாமில் பேதி பரவும். ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பு என்று வாங்கி வையுங்கள். சாப்பாடு போடும் இடத்திலும் கழிப்பறை வாசலிலும் தண்ணீரும் சோப்பும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஓஆர்எஸ் (பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட் துணை சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள், பத்துப் பேர் ஆகட்டும் என்று இருக்காதீர்கள்.

பந்தல்காரன்_போச்சம்பள்ளி

பள்ளிக்கூடத்தை விட்டுக் கல்யாண மண்டபத்தைப் பாருங்கள் அக்கா. ஜெனரேட்டர், சமையல்கட்டு, வரிசையாகக் கழிப்பறை, பெரிய தொட்டி எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மேடான இடத்தில் இருக்கிற மண்டபமாகப் பாருங்கள். ஜெனரேட்டர் மட்டும் வேண்டுமென்றால் எங்களை மாதிரி ஆட்களிடம் ஊருக்கு ஒன்று இருக்கும். ஆனால் உங்கள் மோட்டாரின் ஹெச்பியை முன்னாலேயே சொல்லுங்கள். சீரியல் லைட்டுக்கு ஓடுகிற சின்ன ஜெனரேட்டர் போர்வெல் மோட்டாரை இழுக்காது.

மகளிர்குழு_ஊத்தங்கரை

எல்லோருக்கும் நன்றி. மண்டபம் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை தம்பி, ஏரிக்கு மேற்கே ஒன்று இருக்கிறது, நாளைக்கே பேசுகிறேன். தொட்டிநீர் ஐயா, ஒரு சந்தேகம். போன முறை பவுடர் வாசம் பிடிக்காமல் பாதிப் பேர் மழைத்தண்ணீரையும் ஓடைத்தண்ணீரையும் மொண்டு குடித்தார்கள். இதற்கு என்ன செய்வது?

தொட்டிநீர்_தருமபுரி

வாசம் வந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம், அதை முதலில் சொல்லுங்கள். குடத்தில் பிடித்து அரை மணி நேரம் வைத்த பிறகு குடித்தால் அவ்வளவு தெரியாது. அதற்கு மேலும் தயங்கினால் உங்கள் குழுப் பெண்களே எல்லோர் முன்னாலும் முதல் டம்ளரைக் குடியுங்கள். மழைக்காலம் வருகிறவரை காத்திருக்க வேண்டாம். கிராம சபை நடக்கிற அன்றைக்கே தொட்டியில் குளோரின் போட்டு, குளோரோஸ்கோப்பை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.