ஒசாகாவில் முதல் சில நாள்கள்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மண்டபம் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் மண்டபத்தில் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரருக்கு விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவருக்குத் தடைக்காலம், மே மாதம் எனக்கு லீவு. இரண்டு பேரும் ஒன்றாக வெளியூர் போக முடிவது வருஷத்தில் அந்தச் சமயம்தான். கொழுந்தன் ஜப்பானில், ஒசாகாவுக்குத் தெற்கே சகாய் என்ற ஊரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். "அண்ணி, இந்த வருஷமாவது அண்ணனைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று விசாவுக்கான பேப்பரெல்லாம் அனுப்பிவிட்டார். தேதிதான் இன்னும் முடிவாகவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை கொழுந்தன் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். அதனால் முதல் நாள்களில் நாங்கள் இருவரும் தனியாகத்தான் சுற்ற வேண்டும். நான் சென்னை மெட்ரோவில் ஏறியிருக்கிறேன், அவர் அதுகூட ஏறியதில்லை. கடலில் எந்த இருட்டிலும் திசை சொல்லிவிடுவார். கூட்டமான ஸ்டேஷனில் நிற்கச் சொன்னால் முகம் மாறிவிடும். யூடியூபில் பார்த்தால் ஒரே நாளில் கோட்டை, கியோட்டோ, மான் பூங்கா, யுனிவர்சல் கேளிக்கைப் பூங்கா என்று ஓடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு "நீ மட்டும் போயிட்டு வா" என்கிறார். அவர் கேட்பதெல்லாம் அந்த ஊர்க் கடலும் மீன் சந்தையும்தான். எனக்குத் தெருத்தெருவாக நடந்து ஊரைப் பார்க்க வேண்டும்.

எந்தத் தேதி நல்லது? முதலில் எங்கே போகலாம்? மீன் சாப்பிடுவோம், மாடும் பன்றியும் கிடையாது. வேகாத மீனை அவர் தொடமாட்டார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்

தேதியை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன் டீச்சர். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே பல அரசு விடுமுறைகள் நெருக்கமாக வரும். கோல்டன் வீக் என்பார்கள். ரயில், ஹோட்டல், கடைத்தெரு எதிலும் கால் வைக்க இடம் இருக்காது, டிக்கெட் விலையும் ஏறிவிடும். ஜூன் முதல் வாரத்தில் மழைக்காலம் ஆரம்பித்துவிடும். அதனால் மே 8, 10 தேதி வாக்கில் போய் மாதக் கடைசிக்குள் திரும்புவது போலப் போடுங்கள். படகைக் கரையேற்றி மராமத்து வேலையை ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டால் அண்ணனும் நிம்மதியாக வருவார். மே மாதத்தில் பகல் இதமாக இருக்கும், ராத்திரி நமக்குக் குளிரும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

தங்கச்சிமடம் அக்கா

டீச்சர், என் வீட்டுக்காரரின் வேலைக்காக நாங்கள் ஒசாகாவில் குடியிருந்தோம். உங்கள் வீட்டுக்காரர் கேட்பதுதான் சரியான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒசாகா அடிப்படையில் ஒரு துறைமுக ஊர். கடற்கரையில் பிறந்தவர்கள் அதைக் கடல் பக்கமிருந்து பார்க்க ஆரம்பித்தால் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

நீங்கள் சகாயில் தங்குவது பெரிய வசதி. நன்காய் என்று ஒரு தனியார் ரயில் இருக்கிறது, 1885-லேயே ஓடத் தொடங்கியது. விமான நிலையம், இசுமிசானோ மீன் துறைமுகம், சகாய், சுமியோஷி கோயில், கடைசியில் நகரத்தின் நடுவே நம்பா, எல்லாம் அதன் ஒரே பாதையில் வரிசையாக வருகின்றன. முதல் நாலைந்து நாளைக்கு அந்தப் பாதையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கே இறங்கினாலும் அதே தண்டவாளம் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷன் பயம் போய்விடும். சகாய் என்ற ஸ்டேஷனும் சகாய்ஹிகாஷி என்ற ஸ்டேஷனும் வேறு வேறு பாதையில் இருக்கின்றன. நான் சொல்வது சகாய் ஸ்டேஷன் உள்ள பாதை. கொழுந்தன் வீடு எதற்குப் பக்கம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்சாய் விமான நிலையம் கடலுக்குள் மண் கொட்டி உண்டாக்கிய தீவில் இருக்கிறது, 1994-ல் திறந்தது. கரைக்கு வரும் பாலம் மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீளம். மேல்தட்டில் கார், கீழ்த்தட்டில் ரயில். பாம்பன் பாலத்தில் ரயிலில் போய்ப் பழகிய நமக்கு அந்தப் பாலத்தைக் கடக்கும்போது மனம் நிறைந்துவிடும். இரண்டு பேரும் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். எக்ஸ்பிரஸ் ரயில் சகாயில் நிற்கும், இடையில் மாற வேண்டியதில்லை. அங்கே ஜேஆர் என்ற வேறு கம்பெனி ரயிலும் பக்கத்திலேயே நிற்கும், அதில் ஏறிவிடாதீர்கள். ஆனால் ஜேஆர் மெஷினில் 'இகோக்கா' கார்டு ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நன்காய், மெட்ரோ, பஸ், சின்னக் கடைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கார்டு போதும்.

நம் ஊரைவிட அங்கே கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஆனால் கடைகள் திறக்கப் பத்து, பதினொன்று ஆகும். அந்தக் காலை நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு நாள் ஆறு மணிக்கெல்லாம் சுமியோஷி தாய்ஷா கோயிலுக்குப் போய்விடுங்கள். ரயிலிலும் போகலாம், சகாயிலிருந்து ஹன்காய் டிராமிலும் போகலாம். டிராம் நடுத்தெருவில் ஓடி கோயில் வாசலிலேயே இறக்கிவிடும். பின்கதவில் ஏறி, முன்கதவில் இறங்கும்போது காசு போட வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்.

அந்தக் கோயில் கடலில் போகிறவர்களைக் காக்கும் தெய்வங்களுக்கானது. நாலு சன்னிதியும் மேற்கே கடலைப் பார்த்து நிற்கின்றன. அதில் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருக்கின்றன, படகுகள் அணியாகப் போகிற மாதிரி அமைத்தது என்கிறார்கள். இப்போதுள்ள கட்டடங்கள் 1810-ல் கட்டியவை. சுற்றிலும் அறுநூறு கல்விளக்குகள் இருக்கும். கப்பல்காரர்களும் மீன் வியாபாரிகளும் அரிசி, எண்ணெய் வியாபாரிகளும் கடலில் தங்கள் சரக்கும் ஆட்களும் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று வைத்தவை. சில விளக்குகள் என்னைப்போல் இரண்டு ஆள் உயரம். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகுமுன் சிலுவை போடுவோம், உங்கள் பக்கம் சூடம் ஏற்றுவீர்கள். அந்த விளக்குகளுக்கு நடுவே நிற்கும்போது அந்த வேண்டுதல் எனக்கு முழுசாகப் புரிந்தது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். ஒரு காலத்தில் கோயிலுக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது. மண் கொட்டிக் கொட்டி அதை மேற்கே வெகுதூரம் தள்ளிவிட்டார்கள். வாசலில் வில்லாக வளைந்த சிவப்புப் பாலம் ஒன்று உண்டு, செங்குத்தாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள்.

மீன் சந்தைக்கு நம்பா பக்கத்துக் குரோமோன் சந்தையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அங்கே சுற்றுலாப் பயணிகள் கூட்டமும் விலையும் அதிகம். உங்கள் வீட்டுக்காரருக்கு அது ஒத்துவராது. இசுமிசானோவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே மீனவர் கூட்டுறவு சங்கத்தின் சந்தை படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது. படகுகள் மதியத்துக்கு மேல் வந்து சேரும், அதற்கேற்றாற்போல் போங்கள். புதன்கிழமை விடுமுறை. நம் நீலக்கால் நண்டின் இனத்திலேயே ஒரு நண்டு அங்கே பேர்போனது, பேய்க்கணவாயும் அப்படியே. பாக்கு நீரிணையில் நாம் பார்க்கிற சரக்கை அவர்கள் எப்படி ஐஸ் போட்டு, தரம் பிரித்து, மண் ஒட்டாமல் தட்டில் அடுக்குகிறார்கள் என்று பார்த்தால் அவருக்கு அன்றைய பொழுது முழுக்கப் பேச விஷயம் கிடைக்கும். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பெரியவரோடு கையாலேயே வலைக்கண் அளவு பேசிக்கொண்டிருந்தார், நான் போய்த்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

உங்கள் தெரு நடைக்கு ஷின்-இமாமியா ஸ்டேஷனில் இறங்குங்கள். கொஞ்ச தூரத்தில் ஷின்செக்காய் என்ற பழைய கடைத்தெரு, நடுவில் 1956-ல் கட்டிய கோபுரம். அங்கிருந்து வடக்கே நடந்தே நம்பா போய்விடலாம். டோட்டோன்போரி வாய்க்காலை விளக்கு எரியத் தொடங்கிய பிறகு பாருங்கள், ஒரு மணி நேரம் போதும்.

அப்புறம் ஒரே ஒரு நாள் அந்தப் பாதையை விட்டு வெளியே போங்கள். மெட்ரோ சூவோ பாதையில் ஒசாகாகோ ஸ்டேஷன். அங்கே 1990-ல் திறந்த காயூகான் மீன் காட்சியகம் இருக்கிறது, திமிங்கலச் சுறாவை நேருக்கு நேர் பார்க்கலாம். நம் மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற டீச்சருக்கு இது பிடிக்காமல் இருக்காது. டிக்கெட்டை முன்பே போட்டுவிடுங்கள். அதன் பக்கத்தில் தெம்போசான் படகுத்துறை. மாநகராட்சி நடத்தும் படகு, ஆற்றுமுகத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகும், கட்டணமே கிடையாது. பெரிய கப்பல்கள் போய்வர வேண்டிய இடம் என்பதால் அங்கெல்லாம் பாலம் குறைவு, அதனால் இந்தப் படகுகளை விடாமல் ஓட்டுகிறார்கள். சைக்கிளோடு வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏறுவார்கள். நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பயணம் அதுதான்.

கியோட்டோவும் மான் பூங்கா இருக்கும் நாராவும் சனி ஞாயிறு கொழுந்தனோடு போங்கள். முதல் வாரமே அங்கே ஓடினால் ஒசாகா உங்கள் மனதில் ஒரு ஸ்டேஷனாக மட்டும்தான் நிற்கும்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். அயிலையைப் போன்ற 'சபா' மீனை உப்புப் போட்டுச் சுட்டு, சோறு, சூப்போடு தட்டாகத் தருவார்கள். மதியத்துக்கு அதையே கேளுங்கள். ஒகோனோமியாக்கி என்ற முட்டைகோஸ் அடையில் வழக்கமாகப் பன்றி வைப்பார்கள், 'இகா' என்றால் கணவாய், 'எபி' என்றால் இறால், அதைச் சொல்லி வாங்குங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கொழுந்தன் மாம்பழம் கேட்டாலும் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்.

கீழக்கரைவாசி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ராமென் நூடுல்ஸ் கடைகளில் மேலே மீன் வைத்திருந்தாலும் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில் காய்ச்சியது. கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. 'நாங்கள் பன்றி, மாடு இரண்டும் சாப்பிடமாட்டோம், அதன் சாறும் கொழுப்பும்கூட வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் காட்டினால் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்வார்கள்.

நான் கப்பல் வேலையில் இருப்பவன், கோபேயில் இறங்கியிருக்கிறேன். அங்கே 1935-ல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது, ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அதுதான். 1945 குண்டுவீச்சையும் 1995 நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கிறது. பக்கத்துக் கடைகளில் ஹலால் ஆட்டுக்கறியும் நம் மசாலாவும் கிடைக்கும். கொழுந்தன் வீட்டில் ஒரு நாள் சமைக்க நினைத்தால் சனிக்கிழமை போய் வாங்கிக்கொள்ளலாம், ஒசாகாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான்.

மண்டபம் டீச்சர்

தங்கச்சிமடம் அக்கா, நீங்கள் எழுதியதை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கல்விளக்கு பற்றி வந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மே 10 என்று முடிவு செய்துவிட்டோம். தொண்டி அண்ணனுக்கும் கீழக்கரை அண்ணனுக்கும் நன்றி.

இரண்டு கேள்வி. சகாயில் கத்தி பேர்போனது என்று கொழுந்தன் சொன்னாராம், மீன் வெட்ட ஒன்று வாங்க ஆசைப்படுகிறார். எது வாங்கலாம்? மெட்ரோவில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டா?

தங்கச்சிமடம் அக்கா

மே 10 நல்ல தேதி டீச்சர். மீன் வெட்ட 'தேபா' என்று கேளுங்கள். முதுகு தடித்த கத்தி, தலையையும் முள்ளையும் வெட்டத் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் தீட்டியிருப்பார்கள், அதனால் இடது கைப்பழக்கம் இருந்தால் அதற்கென்று தனியாகக் கேட்க வேண்டும். கார்பன் எஃகுக் கத்தி அருமையாக வெட்டும், ஆனால் நம் உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க அவர் தயார் என்றால் அது, இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். சகாய் கைவினை அருங்காட்சியகத்திலேயே விற்கிறார்கள், வகைவகையாகப் பார்த்து வாங்கலாம். ஊர் திரும்புகிற வாரத்தில் வாங்குங்கள். அங்கே தகுந்த காரணமில்லாமல் கத்தியை வெளியே எடுத்துத் திரிவது சட்டப்படி குற்றம், அதனால் கடையில் கட்டிக் கொடுத்ததைப் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

பெண்கள் பெட்டி உண்டு. மிடோசுஜி என்ற சிவப்பு நிறப் பாதையில் வார நாள்களில் நாள் முழுக்க ஆறாவது பெட்டி பெண்களுக்கு மட்டும். பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்பில் எழுதியிருப்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகும்போது அந்த இடத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். எஸ்கலேட்டரில் ஒசாகாவில் வலது பக்கம் நிற்பதுதான் பழக்கம், அவரிடம் சொல்லிவையுங்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள், நான் தினமும் பார்க்கிறேன்.