லோடு இல்லாதபோது மட்டும் ஜெனரேட்டர் ஹன்டிங்: கவர்னர் கார்டைத் திருகலாமா?

கேள்வி:
ஸ்டாண்ட்பை டீசல் ஜெனரேட்டர், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எலக்ட்ரானிக் கவர்னர். லோடு ஏற்றினால் 50 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கிறது, லோடை எடுத்ததும் 49-க்கும் 51-க்கும் நடுவே ஊசலாடுகிறது (ஹன்டிங்). கவர்னரின் எலக்ட்ரானிக் கார்டில் கெயின், ஸ்டெபிலிட்டி என்று இரண்டு திருகுகள் இருக்கின்றன, தொடலாமா? எனக்குப் பழைய மெக்கானிக்கல் கவர்னர்தான் பழக்கம். இது எப்படி வேகத்தைப் பிடிக்கிறது என்றும் சொல்லுங்கள்.

பதில் 1:
பழையதில் சுழலும் எடைகளும் ஸ்பிரிங்கும் செய்ததை இதில் பிக்கப், கார்டு, ஆக்சுவேட்டர் மூன்றும் பிரித்துச் செய்கின்றன. ஃப்ளைவீல் பற்களுக்கு எதிரே மேக்னடிக் பிக்கப் இருக்கும், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு வரும். 4 போல் ஆல்டர்னேட்டருக்கு 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 1500 ஆர்பிஎம், ஃப்ளைவீலில் 120 பல் இருந்தால் விநாடிக்கு 3000 துடிப்பு. கார்டு அதை நாம் வைத்த வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆக்சுவேட்டருக்குக் கரண்டைக் கூட்டும், குறைக்கும். ஆக்சுவேட்டர், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃப்யூயல் பம்பின் ரேக்கை நகர்த்தும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் ரேக்கை டீசல் அடைபடும் பக்கம் இழுத்துவிடும், பிக்கப் ஒயர் அறுந்தாலும் கார்டு கரண்டை நிறுத்திவிடும், இன்ஜின் தறிகெட்டு ஓடாது.

மெக்கானிக்கலில் முழு லோடில் வேகம் 3 முதல் 5 சதவீதம் இறங்கும், அதுதான் ட்ரூப். இதை ஐசோக்ரோனஸில் வைத்தால் லோடு எதுவானாலும் அதே 1500.

பதில் 2:
திருகாதீர்கள், குறைந்தது இப்போது வேண்டாம். லோடில் நிற்கிறதே, அதனால் எனக்கு ஆக்சுவேட்டரை ரேக்கோடு இணைக்கும் லிங்கேஜ் மேல்தான் சந்தேகம். லோடு இல்லாதபோது ரேக் ஒரு மயிரிழை நகர்ந்தாலே வேகம் எகிறும், லிங்கேஜின் பால் ஜாயின்ட்டில் (உருண்டை மூட்டு) கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் அது அங்கேதான் முதலில் தெரியும். இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியையும் கழற்றிவிட்டு, லிங்கேஜைக் கையால் அசைத்துப் பாருங்கள், எங்கும் பிடிக்கவும் கூடாது, தளரவும் கூடாது. அது சரியாக இருந்தால் டீசல் லைனில் காற்று ஏறுகிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம்தான் கார்டு. வேகமாக ஊசலாடினால் கெயினை (வேக மாற்றத்துக்குக் கார்டு காட்டும் எதிர்வினையின் வலு) கொஞ்சம் குறைக்கலாம், மெதுவாக ஊசலாடினால் ஸ்டெபிலிட்டி திருகைச் சரிசெய்யலாம். எதுவானாலும் முதலில் இருந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
பிக்கப் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது, ஒரு பல்லின் தலை நேராக வருமாறு வைத்து, பிக்கப் தொடும்வரை திருகி, அப்புறம் முக்கால் சுற்று பின்னால் எடுத்தால் போதும். ஒயர் ஷீல்டு உள்ளதாக இருக்க வேண்டும், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

கேட்டவர்:
பால் ஜாயின்ட்டில் நன்றாகவே ஆட்டம் இருக்கிறது, மாற்றச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, இதே மாதிரி இரண்டாவது மெஷினை இதோடு சேர்த்து ஓட்டினால் இரண்டையும் ஐசோக்ரோனஸில் விடலாமா?

பதில் 1:
இரண்டுக்கும் லோடைப் பங்கிடும் லோடு ஷேரிங் யூனிட் இல்லாமல் விடாதீர்கள், ஒன்று முழு லோடையும் இழுத்துக்கொள்ளும், மற்றது சும்மா சுற்றும். யூனிட் இல்லையென்றால் இரண்டிலும் ஒரே அளவு ட்ரூப் வைத்து ஓட்டுங்கள்.