காம்பவுண்டைத் தாண்டி நடைபாதைக்கு வரும் செடியை யார் வெட்டுவது?

தினநடை:
தென்சென்னையில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கல் பதித்து, ஆறடி அகலத்துக்கு நல்ல நடைபாதை போட்டுக் கொடுத்தார்கள். இன்று அதில் தொடர்ச்சியாக நாலு வீடு நடக்க முடியாது. முனை வீட்டுக் காகிதப்பூ சுவர் மேலிருந்து வழிந்து தரை வரை தொங்குகிறது, முழுக்க முள். அடுத்த வீட்டில் நடைபாதையின் பாதியைக் கம்பி வலை போட்டு அடைத்து நந்தியாவட்டை, செம்பருத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கடுத்த காலி மனையிலிருந்து ஆமணக்கும் எருக்கும் சீமைக்கருவேலமும் வெளியே வந்து கிடக்கின்றன. ஸ்கூல் விடுகிற நேரத்தில் பிள்ளைகள் இறங்கி, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓடுகிற ரோட்டில் நடக்கிறார்கள். வீட்டுக்காரர்களிடம் போய்க் கேட்டால், "பச்சையாக இருப்பது உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?" என்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு நோட்டீஸ், ஒரு வாரம் கெடு, அப்புறம் மாநகராட்சியே வெட்டிவிட்டுக் கூலியைச் சொத்து வரியோடு சேர்த்து வாங்க வேண்டும்.

நிழல்வாசல்:
அப்படி வலை போட்டுச் செடி வைத்திருக்கிறவர்களில் நானும் ஒருத்தி, அதனால் பதில் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவின் பெருங்கொன்றைகளும் தூங்குமூஞ்சிகளும் ஒரே பகலில் சாய்ந்தன. அந்தக் குழிகளில் பாதியை கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். இப்போது மே மாதத்தில் இந்தத் தெருவில் நிழல் என்று ஏதாவது இருந்தால், அது வீட்டுக்காரர்கள் சுவரோரம் வைத்து, குடத்தில் தண்ணீர் ஊற்றி வளர்த்ததுதான். வலையை ஏன் போட்டோம் என்றும் யாராவது கேளுங்கள். அந்த இடம் திறந்து கிடந்தபோது குப்பை கொட்டினார்கள், ராத்திரியில் சிறுநீர் கழித்தார்கள். எத்தனை தடவை சொல்லியும் நிற்கவில்லை. செடி வைத்ததும் நின்றது. நடைபாதை மேல் ஏற்றி நிறுத்துகிற பைக்குகளையும் மின்வாரியப் பெட்டிகளையும் விட்டுவிட்டுச் செடியைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை, சார்.

தினநடை:
பைக்கையும் சொல்கிறேன் மேடம், அது தனிப் புகார். ஆனால் பைக்காரர் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் வலை வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கும். பொது இடத்தை அடைத்ததற்குக் குப்பையைக் காரணம் சொன்னால், நாளைக்கு அதே காரணத்தைச் சொல்லி இன்னொருவர் அங்கே காருக்கு ஷெட் போடுவார்.

பவழமல்லி:
எனக்குக் கண் பார்வை இல்லை. திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மூலம் இந்த விவாதத்தைப் படிக்கிறேன். நடைபாதைச் செடியைப் பற்றி யார் பேசினாலும் ஒன்று விட்டுப்போகிறது. வெள்ளைக்கோல் தரையைத்தான் தடவும். கல், படி, பள்ளம், வலை, நிறுத்திய பைக் எல்லாம் கோலுக்குத் தெரிந்துவிடும், சுற்றிப் போய்விடலாம். முகத்து உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை கோலுக்குத் தெரியாது. கீழே தடை இல்லை என்று கோல் சொல்லும், நான் காலை எடுத்து வைப்பேன், காகிதப்பூ முள் நெற்றியிலோ கன்னத்திலோ கிழிக்கும். மழை முடிந்த மாதங்களில் இது அதிகம். போன வாரம் இல்லாத இடத்தில் இந்த வாரம் ஒரு கிளை இருக்கும். கையை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடிதான் அப்போதெல்லாம் நடக்கிறேன்.

செடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலையில் எங்கள் தெருவில் பவழமல்லி வாசனை வந்தால்தான் திரும்ப வேண்டிய சந்து வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் அதை ஒழுங்காகக் கவாத்து செய்து சுவருக்குள்ளேயே வைத்திருக்கிறார். என் மேல் பூ விழும், கிளை படாது.

நிழல்வாசல்:
நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. தலை உயரத்துக்கு வருவதை எந்த வீட்டுக்காரரும் வெட்டத்தான் வேண்டும், நானும் வெட்டுகிறேன். ஆனால் அதற்கு மாநகராட்சி ஆட்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லாதீர்கள். மின்கம்பிக்காக வெட்ட வந்தாலே மரத்தை ஒரு பக்கம் முழுக்க மொட்டையடித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு கிளை இடிக்கிறது என்று புகார் கொடுத்தால் மரமே போய்விடும் என்ற பயத்தில்தான் இங்கே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை.

வழக்காடி:
நீங்கள் எல்லோரும் மூன்று விஷயங்களை ஒன்றாகக் கலக்கிறீர்கள். சுவருக்குள் வேர் இருந்து வெளியே சாய்கிற செடிக்குப் பொறுப்பு வீட்டுக்காரர். காலி மனைக்கு மனைக்காரர், அவர் வெளிநாட்டில் இருந்தாலும் அவர்தான். நடைபாதையிலேயே வளர்ந்து நிற்கும் தெருமரம் பொதுச்சொத்து. அதை வெட்டி எடுக்க வேண்டுமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், வீட்டுக்காரரோ வழிப்போக்கரோ கை வைக்கக் கூடாது. "நானே அரிவாளோடு வருகிறேன்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டுக் கிளை உங்கள் மனைக்குள் வந்தால் உங்கள் எல்லை வரை வெட்டலாம் என்பது பக்கத்து மனைக்காரருக்கான வழி. தெருவில் போகிறவர் அதைக் கையில் எடுத்தால் கைகலப்பில்தான் முடியும்.

அளவு என்ன என்பதில் சண்டையே தேவையில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரிகளுக்கான நெறிமுறை, ஐஆர்சி 103, குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஏறக்குறைய ஆறடி அகலம், ஏழேகால் அடி உயரம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதையில் நடப்பது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. வலையை எவ்வளவு நல்ல எண்ணத்தில் போட்டிருந்தாலும் அது அந்த ஆறடிக்குள்தான் நிற்கிறது, மேடம்.

தோட்டவேலை:
செடி வெட்டுவது எனக்குத் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். வெட்டினால் செடி போய்விடும் என்கிற பயம் காகிதப்பூவுக்குப் பொருந்தவே பொருந்தாது. அது புதுத்துளிரில்தான் பூக்கும். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் கொடியை வெட்டிவிட்டால் அடுத்த சுற்று இன்னும் அடர்த்தியாக வரும். வெட்டாமல் விட்டால் நுனியில் மட்டும் நாலு பூ, மற்றதெல்லாம் முள்ளும் காய்ந்த குச்சியும்தான்.

மரக்கிளை என்றால் வேறு கணக்கு. மேலிருந்து ஒரே வெட்டு வெட்டினால் கிளை பாரத்தில் சரிந்து, பட்டையைத் தண்டு வரை உரித்துக்கொண்டு இறங்கும். முதலில் கீழிருந்து கால்வாசி அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுக்க வேண்டும். பாரம் போனபின் மிச்சத்தைத் தண்டோரம் எடுக்கலாம். கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதை வெட்டக் கூடாது, காயம் அங்கிருந்துதான் மூடும். ஒரு முழம் கட்டையை விட்டுவிட்டுப் போவதும் தப்பு, அது உளுத்துப்போய் உள்ளே இறங்கும். நிழல்வாசல் அம்மா சொல்கிற மொட்டையடித்தல் இதெல்லாம் தெரியாமல் செய்வது. வெட்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்காக வெட்டாமல் இருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில், பாரக் கிளையைக் குறைத்துவிட்டால் புயலில் மரம் சாய்கிற வாய்ப்பும் குறையும்.

காலி மனைச் செடிகளில் கவனமாக இருங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். அரளியை வெட்டி அங்கேயே கொளுத்தாதீர்கள், புகையும் விஷம். ஆமணக்கு விதையைப் பிள்ளைகள் வாயில் போட்டால் ஆபத்து. சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினால் திரும்பத் தழையும், வேரோடு எடுத்தால்தான் தீரும்.

வாடகைவீடு:
ஒரு கேள்வி. வெட்டியதை யார் எடுத்துப் போவது? எங்கள் தெருவில் ஒருவர் ஒழுங்காக வெட்டினார். வெட்டிய முள்கொடி அதே நடைபாதையில் குவிந்து கிடந்தது. நின்ற செடியைக் குனிந்தாவது தாண்டினோம், குவியலைத் தாண்ட முடியவில்லை. என் மாதிரி குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓனரைக் கேட்காமல் வெட்டினால் ஓனர் கோபிப்பார், வெட்டாவிட்டால் தெருவே என்னைப் பார்க்கும்.

தோட்டவேலை:
வெட்டுகிற ஆளிடமே அள்ளுகிற கூலியையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், தம்பி. நான் அப்படித்தான் பேசுகிறேன். நாலு வீடு ஒரே நாளில் வெட்டினால் ஒரு குட்டியானை வண்டி போதும், செலவைப் பிரித்துக்கொள்ளலாம்.

நிழல்வாசல்:
சரி, உயரத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வலையை எடுங்கள் என்பதை நான் ஏற்கவில்லை. எடுத்த மறுநாளே அங்கே பைக் நிற்கும், நடக்கிறவர்களுக்கு ஒரு அடி கூடக் கூடுதலாகக் கிடைக்காது. ஆறடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பைக்கையும் அதே நாளில் எடுக்க வைக்கட்டும், நானும் எடுக்கிறேன்.

பவழமல்லி:
என்னைக் கேட்டால் முதலில் மேலே இருப்பதை வெட்டுங்கள். வலை விவகாரம் முடிகிற வரை அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வலையைக் கோல் கண்டுபிடித்துவிடும்.

தினநடை:
உங்களுக்குச் சரி, ஐயா. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்த மிச்ச மூணடியில் எதிரே ஒரு ஆள் வந்தாலே வழியில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார், வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். அதனால் வலையைத் தள்ளிப்போட நான் சம்மதிக்க மாட்டேன். மேடம், உங்கள் நிபந்தனையை எடுத்துக்கொள்கிறேன். பைக்குக்கும் வலைக்கும் சேர்த்து ஒரே மனு எழுதுகிறேன். செடியைச் சுவரை ஒட்டி ஒரு அடிக்குள் நகர்த்திக் கொடியாக ஏற்ற முடியுமா என்று தோட்டவேலை வந்து பார்க்கட்டும். கிளை இந்த ஞாயிற்றுக்கிழமை. வண்டிக்குப் பணம் தருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.

நிழல்வாசல்:
வண்டிக்கு நான் தருகிறேன். மனுவை அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டுங்கள். அதில் பைக் முதலில் இருக்க வேண்டும்.